கோட்டைச்சாமிக்கு வந்த ரோஜா மாலை

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு கார், நான்கு பேர், இரண்டு கூடாரங்களோடு கிளம்பியது. ஓட்டியவன் உதயகுமார்.

வேம்பாரில் கடலைப் பிடித்து, கரையோரமாகவே தனுஷ்கோடி வரைக்கும் போவதாகத் திட்டம். பிடித்த இடத்தில் கூடாரம் அடிப்பது, மீன் வாங்கிச் சுடுவது, ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்புவது.

பந்தல்குடி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து சக்திகுமார் கேட்டான்.

"ஏம் மாப்ள, பெரியப்பாவ எரிச்சியா, பொதைச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். உதயகுமாரும் சிரித்தான்.

அவன் வேலை பார்த்த நூல் மில்லில் அது ஸ்டாக் கணக்கெடுக்கும் மாதம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதற்கும் லீவு கிடையாது, சாவுக்கு மட்டும்தான் என்று மேனேஜர் நாகையா முதல் தேதியே சொல்லிவிட்டார். கல்நெஞ்சுக்காரர் என்று மில் முழுக்கப் பேச்சு.

அதனால் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, நாகையாவின் மேஜைக்கு முன்னால், பெரியப்பா கோட்டைச்சாமி செத்துப்போனார்.

"பெரியப்பாதானே? ஒருநாள் போதாதா?" என்றார் நாகையா.

"அவருக்குப் பிள்ளை இல்ல சார். நான்தான் கொள்ளி வைக்கணும்."

அதில் பொய் இல்லை. என்றைக்கு இருந்தாலும் அவன்தான் வைக்க வேண்டும். நாகையா மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. மூக்கையூரில் குளித்தார்கள். வாலிநோக்கத்தில் கூடாரம் அடித்தார்கள். போட்டோவை மட்டும் யாரும் எங்கேயும் போட்டுவிடக் கூடாது, தெரிந்தால் வேலை போய்விடும் என்று உதயகுமார் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு போன் அடித்தது. நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, செத்துப்போன பெரியப்பா.

"எங்கலே இருக்க?"

"மில்லுல இருக்கேன் பெரியப்பா."

"மில்லுல அலை அடிக்குதோ?"

உதயகுமார் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"உங்க மேனேஜரு இப்பத்தான் இங்க வந்துட்டுப் போறாரு. கூட ரெண்டு பேரு."

பெரியப்பா கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ரோட்டில் கார் நின்றிருக்கிறது. இறங்கியவர் கையில் பெரிய ரோஜா மாலை. துட்டி கேட்டு, துக்கம் விசாரிக்க வந்திருக்கிறோம், கோட்டைச்சாமி வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். எந்தக் கோட்டைச்சாமி என்று இவர் கேட்க, உதயகுமாருடைய பெரியப்பா என்றிருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொன்னீக?"

"என்ன சொல்ல? நேத்தே தூக்கியாச்சுய்யா, நான் தம்பி மொறைன்னேன். பையன் சாம்பலக் கரைக்க சேதுக்கரை போயிருக்கான்னேன். ஊருக்குள்ள போனா நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவான்ல? அங்கயே கருவேலமரத்துக்கிட்ட நின்னு கையக் குடுத்து அனுப்பிட்டேன்."

தன் சாவுக்குத் தானே துட்டி வாங்கியிருக்கிறார்.

"நல்ல மனுசன்டா அவரு. கண்ணு கலங்கிருச்சு. அவுக அய்யா செத்தப்ப இவரு வெளிநாட்டுல இருந்தாராம். லீவு குடுக்கலையாம். மொகத்தக்கூடப் பாக்கலையாம். அதான் சாவுன்னு வந்தா நான் யாரையும் தடுக்க மாட்டேன்னாரு."

உதயகுமார் மணலில் உட்கார்ந்துவிட்டான். வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், அந்த மாலை என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"ஒங்க பெரியம்மா படத்துக்குப் போட்டுட்டேன். அவளுக்கு ரோசாப்பூ மாலை எவன் போட்டான்?"

"பெரியப்பா, நான் வந்து..."

"அத விடுறா. கொள்ளி வச்சவன் திங்கக்கெழம தலைநெறைய முடியோட போயி நின்னா பொழப்பு போயிரும். எந்தக் கடக்கரையில கெடந்தாலும் சேதுக்கரைக்குப் போயி மொட்டை போட்டுட்டு வா."

போனை வைத்துவிட்டார்.

சேதுக்கரையில் அன்று கூட்டம். பெற்றவர்களைப் பறிகொடுத்தவர்கள், ஈர வேட்டியோடு கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அரைக்கால் சட்டையும் கூலிங்கிளாசுமாக உதயகுமார் போய் உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார் நாவிதர்.

"யாருக்குப்பா?"

"பெரியப்பாவுக்கு."

"வயசு?"

"எழுபத்திரெண்டு."

"ஒம்மேல பாசமா இருப்பாரோ?"

உதயகுமார் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்து, நாவிதர் கத்தியை எடுத்துவிட்டுக் கொஞ்சநேரம் காத்திருந்தார்.

அதற்கு மேல் தனுஷ்கோடிக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. காரைத் திருப்பினார்கள்.

திங்கட்கிழமை நாகையா அவனைக் கூப்பிட்டு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்ததே இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். கடைசிக் காரியத்தை நீயாவது கூட இருந்து செய்தாயே என்றார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உதயகுமார் இரண்டு தடவை வாயெடுத்தான். இரண்டு தடவையும் டீயைக் குடித்தான்.

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கோட்டைச்சாமி காலமானார். கொள்ளி வைத்தது உதயகுமார்தான். லீவு லெட்டரில், திருச்செந்தூரில் முடி காணிக்கை என்று எழுதியிருந்தான். மில்லிலிருந்து யாரும் துட்டிக்கு வரவில்லை.