நடுவில் வைத்த விளக்கு

“கை வைக்காதே” என்று சுபாஷிணி அதட்டியும் அந்த நீல உருவம் கேட்கவில்லை. வீட்டின் நடுவில் எரிந்துகொண்டிருந்த கல்விளக்கை இரண்டு கைகளாலும் தூக்கிவிட்டது.

வீடு இருந்தது பனிக்கடலோரம். சுபாஷிணி டீச்சர் இருந்தது துவாரகாவில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு. கனடாவின் வடகோடியில், எழுபது வருடத்துக்கு முன் இனுயிட் என்னும் பனிநாட்டுப் பழங்குடியினரின் குடும்பம் ஒன்று விட்டுப்போன மண்வீடு அது. இடிபாட்டைத் தோண்டியவர்கள் அனுப்பிய படங்களை வைத்துக் கம்ப்யூட்டருக்குள் அதைத் திரும்பக் கட்டியிருந்தாள். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் யாரும் உள்ளே நடமாடலாம்.

இன்றைக்குப் பரீட்சை டீச்சருக்குத்தான். அந்த ஊரிலிருந்து ஒருவர் ஆன்லைனில் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பாடம் மற்ற பள்ளிகளுக்குப் போகும். இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். நேரமாகியும் ஆளைக் காணோம். 

இந்தச் சமயம் பார்த்தா வாலாட்ட வேண்டும்? உள்ளே எல்லோருக்கும் ஒரே நீல உருவம், யார் எவர் என்று தெரியாது. மற்ற பிள்ளைகள் வாசலைத் தேடாமல் சுவர் வழியாகவே நடந்து வந்தார்கள். இது மட்டும் தாழ்ந்த சுரங்க வாசலில் தவழ்ந்து வந்து, நேரே விளக்கிடம் போனது. ஒத்திகையில் பானையை உருட்டிவிட்ட சிந்துவாகத்தான் இருக்கும்.

விளக்கைப் படுக்கை மேடையின் ஓரமாக வைத்துவிட்டு, அது திரியை நீவத் தொடங்கியது. குத்துவிளக்கு மாதிரி நடுவீட்டில் அவள் பார்த்துப் பார்த்து வைத்த விளக்கு. சுபாஷிணிக்குப் பொறுக்கவில்லை.

“செந்தில், அவங்க வர்றதுக்குள்ள இந்த வாலை வெளிய தள்ளுங்க. ஜல்தி.”

கம்ப்யூட்டர் ஆசிரியர் செந்தில்குமார் ஒரு தட்டுத் தட்டினார். உருவம் மறைந்தது. விளக்கை மறுபடி நடுவில் வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சிந்துவை எழுந்து நிற்கச் சொன்னாள். கடைசி பெஞ்சில் அவள் எழுந்தாள். அவளுடைய ஹெட்செட் மேஜைமேல் கிடந்தது.

“மேம், என்னோடது சார்ஜ் போயி ரொம்ப நேரமாச்சு.”

சுபாஷிணி திரும்பினாள். கனடாவிலிருந்து அப்போதுதான் வந்த செய்தியைப் படித்துவிட்டு, செந்தில்குமார் முகம் வெளுத்து நின்றார்.

“மேடம், நாம வெளிய தள்ளினது அந்த வீட்டுலயே பொறந்த அம்மாவை.”