வானொலியில் அழுதவள்

கடலோர ஊரின் ஒரு நாளைக் கவிதை நாடகமாக்கப் போவதாகச் சொன்ன வானொலிக்காரர்கள், அலையையும் மீன் ஏலத்தையும் கோயில் மணியையும் பதிவு செய்துவிட்டுக் கடைசியாக மெற்றில்டாவின் வீட்டுக்கு வந்தார்கள். புருஷன் போன வள்ளம் இனித் திரும்பாது என்று கேட்ட அன்று அழுததைப் போல ஒரு தடவை அழுது காட்டச் சொன்னார்கள்.

"அன்னைக்கு நான் அழல. மீன் செதில் சுரண்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள்.

விளமீன் ஒன்றை எடுத்து, அன்று போலவே வாலிலிருந்து தலை வரை சுரண்டிக் காட்டினாள். அவர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றதை ஊரே பார்த்தது. அன்று அவள் அழாததை ஊர் மறந்திருக்கவில்லை. மாமியார் சந்தனமேரி ஆறு வருடமாக அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் ஒலித்தது. மெற்றில்டா செதில் சுரண்டிய சத்தம் அதில் மழையாகப் பெய்துகொண்டிருந்தது. அந்த மழைக்கு நடுவே பட்டணத்து நடிகை ஒருத்தி நெஞ்சு வெடிக்க அழுதாள். அழுகை ஓய்வதற்குள் சந்தனமேரி ஓடி வந்து மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இப்பவாவது எம் புள்ளைக்காக வாய்விட்டு அழுதியே, ஏட்டி. எனக்கு இது போதும்."

மெற்றில்டா வாயைத் திறந்தாள். கிழவியின் கண்ணீர் அவள் தோளில் சூடாக இறங்கியது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா," என்றாள் கிழவி.

மெற்றில்டா செம்பை எடுக்க உள்ளே போனாள். முதுகுக்குப் பின்னால் வானொலியில் யாரோ ஒருத்தி இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.