சீட்டு ஒட்ட இடமில்லை

“புல்லு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க சார்! தாள் முழுக்கச் சீட்டுதான் இருக்கு!”

தாவரக் காப்பகத்தின் காப்பாளர் குரலை உயர்த்துபவள் அல்லள். உலர்த்திய புற்களைத் தாளில் ஒட்டி, சிற்றினம் சிற்றினமாக உறையிலிட்டு, பேரினம் பேரினமாக அலமாரியில் அடுக்கிக் காப்பது அவள் பணி. பென்சிலைக் கூராகச் சீவாமல் ஓர் எழுத்தும் எழுத மாட்டாள். அந்த அறைக்குள் வந்துவிட்டால் அவளுக்கு எவரானாலும் சார், மேடம்தான். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்செல்லாம் வாசலோடு சரி. அப்படிப்பட்டவளையே அந்த ஒரு தாள் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

எதிரே நின்ற பெரியவர் ஓய்வுபெற்ற புல் ஆராய்ச்சியாளர். எந்தப் புல்லைக் கொடுத்தாலும் அதை இரண்டு சிற்றினமாகப் பிரித்தால்தான் அவருக்கு உறக்கம் வரும். ஆகவே காப்பகத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘தனிக்குடித்தனம்’. காலையில் வந்து போகும் அம்மையாரும் ஓய்வுபெற்றவரே. நான்கு சிற்றினங்களைக் கொடுத்தாலும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்து குடியேற்றிவிடுவார். அவர் ‘கூட்டுக்குடும்பம்’. ஒருவருடைய குடை வாசலில் இருந்தால் மற்றவர் உள்ளே காலெடுத்து வைப்பதில்லை.

புல் இன்னதென்று பெயர் எழுதி முன்னவர் ஒட்டிய சீட்டை எவரும் கிழிக்கலாகாது. மறுப்பு இருந்தால் தம் சீட்டை அதன் பக்கத்தில் ஒட்டலாம் என்பது தாவரக் காப்பகங்களின் மரபு. அந்த மரபு தந்த உரிமை முழுவதையும் இருவரும் ஒரே புல்லின் மேலேயே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

“லென்ஸை வெச்சுப் பாரு,” என்றார் பெரியவர். “கதிரோட நுனியில முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கா? அவங்க இதோட சேர்க்கற இன்னொரு புல்லுல இது கிடையவே கிடையாது. பேரினம் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். சிற்றினம் வேற, வேற. இதைப் போய் ஒண்ணுன்னு எழுதி வெச்சா என்ன அர்த்தம்?”

“காலையில மேடமும் அதேதான் கேட்டாங்க. ரெண்டுன்னு எழுதினா என்ன அர்த்தம்னு.”

“வேற என்ன சொன்னாங்க?” அவர் சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“காய்ஞ்ச மண்ணுன்னா முள்ளு வருமாம், ஈர மண்ணுன்னா வராதாம். ஒரே விதையை ரெண்டு தொட்டியில போட்டுப் பார்த்துக்கிட்டிருக்காங்களாம்.”

“நல்லாப் பார்த்தாங்க! ஈரத்தொட்டிக்கு நாலு நாளா சொட்டுத் தண்ணி ஊத்தலை. அப்புறம் முள்ளு வராம பூவா வரும்?”

“இதை அவங்ககிட்ட நேர்லயே சொல்லித் தொலைக்கலாமே சார்? நடுவுல என் உயிரை ஏன் வாங்கறீங்க?”

“சீட்டு குடு.”

“ஒட்ட இடமில்லை!”

“ஓரத்துல இருக்கு பாரு.”

ஓரத்தில் விரல் அகலம் இடமிருந்தது. அதிலும் ஒட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

தொலைபேசி மணி அடித்தது. இயக்குநர்.

“நாளைக்குத் தாளையெல்லாம் படம் எடுக்க வராங்க. அந்தப் புல்லுக்கு ஒரு பேரு முடிவாச்சா இல்லையா?”

“இன்னும் இல்லைங்க சார்.”

“அவங்களுக்குப் பொழுது போகலை, நமக்குமா போகலை? நீங்களே பார்த்து ஒரு பேரை உறையில எழுதுங்க. அதுக்கப்புறம் அந்தத் தாள்ல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. சண்டை இன்னியோட முடியணும்.”

காப்பாளர் ‘அப்பாடா’ என்று பென்சிலைச் சீவினாள். லென்ஸை வைத்துக் கதிரைப் பார்த்தாள். யார் சொல்வது சரி என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு சொல் எழுதினால் போதும், பிடுங்கல் விட்டது.

எழுதுவதற்கு முன் சீட்டுகளை ஒருமுறை படித்தாள். முதற்சீட்டுகளில் புல்லின் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. போகப் போகச் சீட்டுகள் நீண்டிருந்தன.

‘எழுத்துக் கோணுகிறது. கண் மருத்துவரிடம் காட்டவும். இரண்டும் ஒரே சிற்றினம்.’

‘காட்டினேன். கண்ணாடி மாற்றியாயிற்று. இப்போதும் இரண்டாகவே தெரிகின்றன.’

அன்று ஓரத்தில் ஒட்டிய சீட்டு: ‘தொட்டியைத் தூக்கி இடம் மாற்ற வேண்டா; முதுகு பிடித்துக்கொள்ளும். தண்ணீர் நான் ஊற்றுகிறேன். ஆனாலும் சிற்றினம் வேறு.’

பென்சில் உறையின் மேல் நெடுநேரம் நின்றது. பிறகு, ‘பெயர் முடிவாகவில்லை; ஆய்வு தொடர்கிறது’ என்று எழுதி, இயக்குநரை அழைத்துச் சொன்னாள்.

“ஒரு புல்லுக்கா? இன்னும் எத்தனை நாள்தான் ஆராய்வாங்க?” என்று அவர் கத்தினார்.

“அவங்க ரெண்டு பேரும் இருக்கற வரைக்கும் சார்.”

அவர் ‘டொக்’கென்று தொலைபேசியை வைத்தார். அவள் அலமாரியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியபோது, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்த இரண்டு குடைகள் காலில் இடறின.

“சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு,” என்றார் சமையலறையிலிருந்து மேடம்.

“பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு,” என்றார் கூடத்திலிருந்து சார்.

ஆண்டுக்கணக்காய் முகம் பார்த்துப் பேசாத அவ்விருவரும் நேராகப் பேசிக்கொள்ளும் இடம் உலகத்தில் அந்த ஒரு தாள்தான். நாளை அதனோடு இன்னொரு வெற்றுத்தாளைச் சேர்த்து ஒட்டிவிடுவது என்று மகள் முடிவு செய்தாள்.