கோல்டு கார்டுக்குக் கிடைத்த சீட்

கவுண்டர் பெண் அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரரிடம் போர்டிங் பாஸை நீட்டிய நேரத்தில்தான், பின்னால் நின்ற பயணி, ஒரு கம்பெனி மேனேஜர், தன் கோல்டு கார்டை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“ஒரு நிமிஷம்மா. வெயிட்டிங் லிஸ்ட்ல கார்டு இருக்கறவங்களுக்குத்தானே முதல்ல?”

மத்தியான விமானம் ரத்தாகிவிட்டது. அன்றைக்கு இருந்த கடைசி விமானத்தில் மிச்சம் ஒரே ஒரு சீட். அதற்கு இவர்கள் இரண்டு பேர்.

“ரூல் அப்படித்தான் சார். ஆனா இவரு மத்தியானத்துலேருந்து இங்கேயே நிக்கறாரு...”

“எங்கம்மாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன்மா. பெத்த தாய்!” மேனேஜரின் குரல் உடைந்தது.

அது நடிப்பில்லை. காலையில்தான் தம்பி போன் செய்திருந்தான். “அம்மா மாடிப்படியில விழுந்துட்டாங்கண்ணா. வயித்துக்குள்ள ஏதோ கிழிஞ்சிருக்காம், ராத்திரிக்குள்ள ஆபரேஷன் பண்ணியே ஆகணுமாம். இங்க வேண்டிய ஏற்பாடெல்லாம் நான் பாத்துக்கறேன். உன்னைத்தான் கேட்டுட்டே இருக்காங்க, நீ வந்து சேரு.” அப்போதிலிருந்து மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கட்டம்போட்ட சட்டைக்காரர் கார்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒரு சின்னப் பிளாஸ்திரி.

“எனக்கும் அவசரம்தான் சார். அங்க ஒரு உயிர் எனக்காகக் காத்துட்டிருக்கு.”

“எல்லாருக்கும்தான் அவசரம். ரூல்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?”

“ஒரு வார்த்தை கேளும்மா, நான் எதுக்குப் போறேன்னா...”

“நீங்க எதுக்குப் போனாலும் ரூல் மாறாது சார்,” என்றாள் அந்தப் பெண். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பாஸை இரண்டாகக் கிழித்துவிட்டு மேனேஜருக்குப் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தாள். “அடுத்தது நாளைக்குக் காலையிலதான். மன்னிச்சிடுங்க.”

விமானத்துக்குள் நுழையும் முன் மேனேஜர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் அதே இடத்தில் நின்றபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கார்டுக்காக மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வேறு விமானக் கம்பெனியில் பாதி விலைக்கு டிக்கெட் கிடைத்தாலும் வாங்கமாட்டார். நேராகப் போகிற ஊருக்கு இரண்டு ஊர் சுற்றிக்கொண்டு போவார், பறந்த மைல் கூடினால்தானே கார்டு நிலைக்கும் என்று. போன வருஷக் கடைசியில் கோல்டு கைநழுவிப் போகும்போல் இருந்தது. வேலையே இல்லாத ஓர் ஊருக்குப் பறந்துபோய், விமான நிலையத்திலேயே ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பி வந்தார்.

“அந்தக் கார்டு நாக்கு வழிக்கக்கூட உதவாது” என்று மனைவி சொல்லாத நாளில்லை. அம்மா அப்படியெல்லாம் பேசமாட்டாள். “எங்கெங்கயோ பறக்கறியே, ஒரு நாள் இங்க வந்து இறங்கேண்டா” என்பாள், அவ்வளவுதான். அம்மா இருக்கும் ஊருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அந்தத் தூரத்துக்கு மைல் தேறாது. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

சீட்டில் உட்கார்ந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். “சீட் கிடைச்சிருச்சு. கார்டு மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நடுத்தெருவுலதான் நின்னிருப்பேன். இந்த ஒரு நாளுக்காகத்தான்டி இத்தனை வருஷமும் பறந்திருக்கேன்.”

அவள் முதல் தடவையாகக் கேலி செய்யவில்லை. “நல்லவேளை, அதை விடாம வச்சிருந்தீங்க. அத்தைக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போங்க,” என்றாள். மேனேஜர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தம்பி ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

“முடிஞ்சுதாடா?”

“ஆரம்பிக்கவே இல்லண்ணா.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. மகன் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

“ஏன்டா? டாக்டர் வரலையா?”

“எல்லாரும் ரெடியாத்தான் இருக்காங்க. ரத்தம் இல்லாம கத்தியே வைக்க முடியாதாம். அம்மாவுக்கு ஏதோ அபூர்வமான வகையாம், இந்த ஊர்ல ஒரு பாட்டில்கூட இல்ல.”

“என்னோடதை எடுக்கச் சொல்லுடா!”

“சேராதுண்ணா. உனக்கும் எனக்கும் அப்பாவோட வகை.” தம்பி விசும்பினான். “உன் ஊர்லதான் ஒருத்தரைத் தேடிப் புடிச்சேன். நாம யாரு எவருன்னுகூட அவருக்குத் தெரியாது. காலையிலேயே டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டு, நானே நேர்ல வந்து குடுக்கறேன்னு கிளம்பிட்டாரு. இனிமே தாங்காதுன்னு டாக்டர் இப்பதான் கையை விரிச்சிட்டுப் போறாரு.”

“அவரு எங்கடா? இன்னும் ஏன் வரல?” மேனேஜர் கத்தினார்.

“ஏர்போர்ட்ல யாரோ ஒரு கார்டுக்காரன் அவரோட சீட்டைப் புடுங்கிக்கிட்டானாம்ணா.”