எந்தத் தண்ணி குடிச்ச ஆடு?

“இது எந்தத் தண்ணி குடிச்ச ஆடு, பாய்?”

வாஹித் பாஷா கத்தியைத் துடைத்தார். கோதண்டராமன் வாராவாரம் கேட்கும் கேள்விதான்.

“அணைக்கட்டு மலையோரம் மேஞ்சதுண்ணே. கெணத்துத் தண்ணி.”

யாரிடம் வாங்கியது, எந்த ஊர் என்று கோதண்டராமன் விடாமல் கேட்டார். பாஷா ஆட்டுக்காரரின் பெயரையும் தெருவையும் சொன்னார். அப்படியும் கோதண்டராமன் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார்.

“இன்னாண்ணே, கறி வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?” என்றாள் பின்னால் நின்றவள்.

அவர் சிரிக்கவில்லை. மகள் தேவகிக்கு இரண்டு கரு கலைந்திருந்தது. இது மூன்றாவது. ரத்தம் கம்மியாக இருக்கிறது, ஆட்டுக்கறி சூப் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

தோல் பேக்டரிக் கழிவு ஓடும் வாய்க்கால் கோதண்டராமன் வீட்டுக்குப் பின்னால், ஆட்டுக் கொட்டகையை ஒட்டித்தான் போகிறது. காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். எந்தெந்த ஆடு அதில் வாய் வைக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கறி வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். தெரியாது, எதற்கும் கொடுக்காதீர்கள் என்றார் அவர். அந்தத் தெரியாதுதான் கோதண்டராமனைத் தூங்க விடவில்லை.

“பொய்னா இப்பவே சொல்லிடு பாய். என் பொண்ணு வயித்துக்குப் போறது.”

“அல்லா மேல சத்தியம்ணே.”

கறி பையில் விழுந்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது. தேவகி இருக்கும் சம்பந்தி வீடு நாலு தெரு தள்ளி. இப்போதே கொடுத்துவிடலாம் என்று திரும்பினார்.

“பேஜாராவாதீங்கண்ணே, மெதுவா போங்க,” என்றார் பாஷா. “உங்க சம்பந்தி சுப்பராயன் நேத்தே கறி வாங்கினு போய்ட்டாரு. இன்னைக்கும் எலும்பு கேட்டு வந்தாரு. மருமவ ரெண்டு கிளாஸ் சூப் குடிச்சிச்சாம். அவரும் உங்கள மாதிரியேதான். சுத்தமான ஆடுன்னாதான் எடுப்பேன்னு நின்னாரு.”

“எந்த ஆட்டக் குடுத்த?”

பாஷா பெருமையாகச் சிரித்தார்.

“முந்தாநாள் நீங்க எனக்கு வித்த கெடாதாண்ணே. வாங்குற கறிக்கே இவ்ளோ பாக்குற மனுஷன், வளக்குற ஆட்டைக் கண்ட தண்ணியில வாய் வைக்க வுடுவாரான்னு சொன்னேன். மறுபேச்சு பேசாம வாங்கினு போய்ட்டாரு.”