கீழ பாருங்க

கணவனின் ஸ்கூட்டர் பைபாஸில் ஏறியதுமே, பின்னால் இருந்த பத்மாசினி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சங்கிலி பறிக்கிறவர்கள் இந்தச் சாலையில்தான் பைக்கில் வருவார்களாம். தாலிச் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்தியிருந்தாள். அதுவும் வெளியே தெரியாதபடி முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, நுனியை மடியில் சுருட்டிப் பிடித்தபடி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே ஒரு பைக் வந்தது. அதில் இரண்டு பேர். பிடித்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் சங்கிலியைப் பொத்திக்கொண்டாள். மடியிலிருந்த நுனி நழுவி, பின்சக்கரத்தின் பக்கம் படபடத்தது.

"என்னங்க, வந்துட்டானுங்க. வேகமா போங்க!"

கணவன் முறுக்கினான். பைக்கும் விடாமல் பக்கத்தில் வந்தது. பின்னால் இருந்தவன் கையை நீட்டிக் கத்தினான்.

"அக்கா, கீழ பாருங்க! அக்கா!"

அவளா பார்ப்பாள்? கீழே பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கழுத்தில் கைவைப்பார்கள் என்று வாட்ஸப்பில் எத்தனை பேருக்கு அவளே அனுப்பியிருக்கிறாள்! கழுத்தில் வெடுக்கென்று ஓர் இழுப்பு விழுந்தது. கைவைத்தே விட்டான். பத்மாசினி கண்களை இறுக மூடிக்கொண்டாள். சங்கிலியை மட்டும் விடவேயில்லை.