வார்னிஷ் படாத ஓரம்

“பாத்தியாலே சோலைமலை? பளபளன்னு இருந்ததைத் தன் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. மங்குனதை உங்க மச்சானுக்குத் தள்ளிவிட்டுட்டாரு!”

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியிடம் பொரிந்து தள்ளினாள் பத்திரகாளி.

அவள் புருஷன் முனியராஜ் பிரஸ்ஸில் பேப்பர் கட்டு தூக்கும்போது வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டு உடைந்து உள்ளே படுத்திருந்தான். நாளைக்கு ஆபரேஷன்.

டாக்டர் மேசையில் இரண்டு டைட்டானியம் தண்டுகள் கிடந்ததைக் கதவிடுக்கு வழியாக அவளே பார்த்தாள். ஒன்று கண்ணாடியாய் மின்னியது. இன்னொன்று சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. பிரஸ் முதலாளி ஜெகபர் அலி கைகாட்டியது அந்தச் சொரசொரப்பைத்தான்.

“செலவு பூரா அவருதானக்கா பாக்காரு. பேசாம இரு.”

“அதுக்காக? அச்சுல கலர் பிசகாமப் பிடிக்கிறதுல இந்தச் சிவகாசியிலேயே உங்க மச்சானுக்கு ஈடு உண்டா? நாள் பூரா மிஷின் முன்னால நின்னு பாக்குற வேலைலே! நாளைக்கு நிக்க முடியலைன்னா?”

புருஷன் பெருமை பேச ஆரம்பித்துவிட்டால் பத்திரகாளிக்குப் பயம் போய்விடும். அதுவும் நியாயமான பெருமைதான்.

கைத்தடியை ஊன்றி, விந்தி விந்தி வெளியே வந்தார் ஜெகபர் அலி. அவள் மறித்தாள்.

“மொதலாளி, தப்பா எடுக்காதீக. உங்க லேபிளுன்னா முகம் பாக்குற மாதிரி மினுங்கணும். எங்க வீட்டு மனுசனுக்குச் சொரசொரப்பு போதுமாக்கும்?”

சோலைமலை தலையில் அடித்துக்கொண்டான். அவரோ சிரித்தார்.

“ஏம்மா, நீ நம்ம பட்டாசுப் பெட்டிதானே ஒட்டுற? பசை தடவுற ஓரத்துல மட்டும் ஏன் வார்னிஷ் போடாம விடுறோம்?”

“போட்டா பசை நிக்காதே! உரிஞ்சுட்டு வந்துரும்.”

“எலும்பும் அம்புட்டுத்தான். இந்தத் தண்டை மணலால அடிச்சு, ஆசிட்டுல முக்கி, வேணும்னே சொரசொரப்பாக்கி இருக்காக. அப்பத்தான் எலும்பு அதைக் கவ்விப் பிடிச்சு வளருமாம். மதுரையில சொல்லி வரவழைச்சேன்.”

பத்திரகாளிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அப்ப, பைக்குள்ள போட்டீகளே, அது?”

அவர் பையைத் திறந்து அந்த மின்னும் தண்டை எடுத்தார்.

“இது என் இடுப்புக்குள்ள இருந்ததும்மா. பிரஸ்காரன் புத்தி, பளபளப்பாத்தான் வேணும்னு அப்ப நான்தான் அடம்பிடிச்சேன். எலும்பு பிடிக்காம ஆடிப்போச்சு. கழட்டி வேற வச்சும் விந்தல் போகல. இந்த மாதிரி மட்டும் வேண்டாம்னு டாக்டர்ட்ட காட்டத்தான் கொண்டாந்தேன்.”

பத்திரகாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெகபர் அலி கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

“இந்தக் கம்பு என்னோட போகட்டும். என் முனியராஜ் மிஷின் முன்னால கம்பு ஊனி நிக்கக் கூடாது!”